0.35 மி.மீ. துளை: ஏழாவது குழலில் ஒருவழியாக

மாதிரிக் கப்பலின் பீரங்கிக் குழல் வாயில் துளை நடுவில் விழுந்துவிட்டது. கோணாமல், விளிம்பு கிழியாமல். முதல் ஆறு குழல்களும் டப்பாவில் கிடக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை.

1/350 அளவில் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்ஸ்டன் எஸ். சர்ச்சிலின் (டிடிஜி-81) மாதிரி வேலை போய்க்கொண்டிருக்கிறது. ஆர்லி பர்க் வகுப்பில் 62 காலிபர் குழலுடன் (நீளம் துளை விட்டத்தைப் போல் 62 மடங்கு) வந்த முதல் கப்பல் இதுதான். அதற்கு முந்தைய 79, 80 எண் கப்பல்கள் இரண்டிலும் பழைய 54 காலிபர். கிட் பெட்டியின் மேல் 81 என்று போட்டிருக்கிறார்கள், உள்ளே 54-இன் குழல்! வெர்னியரில் 19.6 மி.மீ. காட்டியது. இருக்க வேண்டியது 22.5. மூன்று மில்லிமீட்டருக்கா இந்தப் பாடு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். நிஜக் கப்பலில் அது ஒரு மீட்டர். முன்தளத்தின் முகவெட்டே மாறிவிடும்.

கடைந்த பித்தளைக் குழல் ஒன்றை வரவழைத்தேன். நீளம் சரி, வாய் மொட்டை, துளையே இல்லை. அப்புறம்தான் 1 மி.மீ. பித்தளைக் கம்பியை வாங்கிக்கொண்டு நானே உட்கார்ந்தேன்.

நிஜப் பீரங்கியின் துளை விட்டம் 127 மி.மீ. அதை 350-ஆல் வகுத்தால் 0.36. அதனால் 0.35 ட்ரில் பிட். முதல் மூன்று குழல்களில் கம்பியை வைஸில் பிடித்து, ஊசியால் குழி போட்டு, பிட்டை மாட்டிய சின்னக் கைப்பிடியை (பின்-வைஸ்) கையால் உருட்டினேன். மூன்றும் ஒரு பக்கம் ஒதுங்கின. குழல் வாயே 0.6 மி.மீ.தான், துளை 0.1 நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் காகிதமாகிவிடும். நான்கிலும் ஐந்திலும் பிட் உடைந்து உள்ளேயே நின்றது. ஆறாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான் செய்துகொண்டிருந்தது தலைகீழ் வேலை. முதலில் அரத்தால் குழலைச் சரித்துவிட்டு, கடைசியில் துளையிட்டேன். ஏழாவதில் முழுக் கம்பியிலேயே துளை. அதோடு சுற்ற வேண்டியது பிட் அல்ல, கம்பி. கம்பியை மோட்டார் டூலின் சக்கில் மாட்டி, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பிட்டை அசையாமல் பிடித்தால் அது தானாக மையத்தைத் தேடிப் போகிறது. லேத்காரர்களுக்கு இது பால பாடமாம். கால் மில்லிமீட்டருக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூளைத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய். துளை விழுந்தபின் அதே சுழற்சியில் ஊசி அரத்தால் சரிவு. ஆழம் ஒரு மில்லிமீட்டர் போதும், உள்ளே யாரும் டார்ச் அடிக்கப் போவதில்லை.

கை வந்த சூட்டில் இத்தாலிய 127/64 பீரங்கிக்கும் (127 மி.மீ., 64 காலிபர்) ஒன்று கடைந்தேன்: 23.2 மி.மீ. பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குப் படுவதே இல்லை. நிஜத்தில் அது நிமிடத்துக்கு 35 குண்டு, அமெரிக்கருடையது 20. அடுத்தது பிரிட்டனின் டைப் 45 போர்க்கப்பலுக்கான 4.5 அங்குலப் பீரங்கி. அதற்கு 0.33 துளை வேண்டும், அந்த அளவு பிட் இன்னும் கையில் இல்லை.

ஒரு வேடிக்கை. 62 காலிபருக்கு நீட்டியதே தூரம் பாயும் வழிகாட்டுக் குண்டுக்காகத்தான். அந்தக் குண்டுத் திட்டம் 2008-இல் கைவிடப்பட்டது, நீண்ட குழல் மட்டும் தங்கிவிட்டது. ஜும்வால்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் 155 மி.மீ. பீரங்கி கதை இன்னும் மோசம். அதற்கென்றே செய்த குண்டு 2016-இல் கைவிடப்பட்டது. அந்த வகையில் 32 கப்பல் என்று தொடங்கி மூன்றில் நின்றதால் ஒரு குண்டின் விலை எட்டு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. இப்போது முன் பீரங்கி இருந்த இடத்தில் நான்கு ஏவுகுழல்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ஹைப்பர்சோனிக் ஏவுகணை. அதன் கிட் அலமாரியில் இருக்கிறது. சுடாதபோது குழல் கூண்டுக்குள் படுத்துவிடும் என்பதால் மூடிய நிலையில் செய்தால் கடைசல் வேலையே இல்லை. ஆனால் 27.5 மி.மீ. குழல் ஒன்றை நீட்டி வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஏவுகுழல் மாற்றத்தை இன்னொரு கிட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ரயில்கன் (மின்காந்த விசையால் குண்டை வீசும் பீரங்கி) செய்து காட்டு என்கிறான் நண்பன். அமெரிக்கா 2021-இல் நிறுத்திவிட்டது; ஜப்பான் 2023-இல் கப்பலிலிருந்து சுட்டுப் பார்த்தது. நல்ல பக்கவாட்டுப் படங்கள் கிடைக்கட்டும், பார்க்கலாம்.

சர்ச்சிலின் பீரங்கிக் கூண்டுக்கு இன்னும் புட்டிகூடப் பூசவில்லை. நாளைக்கு.