பிரைட்னஸைக் கூட்டுங்க அக்கா

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் அந்த நண்டு வியாபாரிக்குச் செய்து கொடுத்த கணக்கு ஆப்பை இன்றைக்குத் திறந்தாலும் எனக்கு அழகாகத்தான் தெரிகிறது. 8 பிக்சல் கணக்கில் சீரான இடைவெளி, ஒரே ஒரு நீலம், மற்றதெல்லாம் சாம்பல். முதலாளி பார்த்ததும் "பேங்க் ஆப் மாதிரி இருக்கே" என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தேன், பொய் சொல்வானேன்.

கரையில் கணக்கு எழுதும் அக்கா போனைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், முந்தானையை நிழலாகப் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, பாக்கி எங்க இருக்கு?"

"பேருக்குக் கீழேயே இருக்கு. பிரைட்னஸைக் கூட்டுங்க அக்கா."

"கூட்டித்தான் இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. கோபமெல்லாம் இல்லை. போனைத் தராசுப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார்.

வெள்ளைமேல் சின்ன எழுத்து என்றால் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், குறைந்தது 4.5 வேண்டும். நான் போட்ட சாம்பல் 3-ஐக்கூடத் தொடாது. தெரியாமல் செய்யவில்லை. ஏசி அறையில், பெரிய மானிட்டரில் கண்ணுக்கு இதமாக இருந்தது, விட்டுவிட்டேன். கீறல் விழுந்த பழைய போனுக்கு நானா பொறுப்பு என்றுகூட பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அது நியாயம்தானா என்று கேட்டால், பாதி நியாயம்.

அந்த நோட்டுதான் உறுத்துகிறது. பெயரும் கிலோவும் நீலப் பேனாவில். முன்பணம் வாங்கிய வல்லக்காரர், அதாவது நாட்டுப்படகுக்காரர், தரவேண்டிய பாக்கி மட்டும் சிவப்பில், அடியில் இரட்டைக் கோடு. முக்கியமானது முதலில் கண்ணில் பட வேண்டும் என்பதை நான் காசு கட்டிப் படித்தவன். ஆனால் ஒன்று, அதே நோட்டில் மூச்சுவிட இடம் கிடையாது, அடித்தலும் திருத்தலும். மாதக் கடைசியில் முதலாளிக்கு ஒன்றும் புரியாமல்தான் என்னைக் கூப்பிட்டார்.

அப்புறம் பாக்கியைக் கருப்பாக்கி, தடித்த எழுத்தில் பெரிதாக்கினேன். வரிகளையும் தள்ளிவைத்தேன், 'மூ'வின் வால் கீழே இருந்த 'ரீ'யின் சுழியில் முட்டிக்கொண்டிருந்தது. "பழசே நல்லா இருந்துச்சே" என்றார் முதலாளி. சரி, அவர் லாகினில் சாம்பல், கரை லாகினில் கருப்பு என்று இரண்டு தோற்றம் வைத்துவிட்டேன். சாமர்த்தியமா, பயமா என்று இன்னும் பிடிபடவில்லை.

அக்கா இப்போதும் நோட்டில் எழுதிவிட்டு, வெயில் சாய்ந்தபின் போனில் ஏற்றுகிறாராம். கருப்பு சரியாகத் தெரிகிறதா என்று நான் போய்க் கேட்கவில்லை. என் போர்ட்ஃபோலியோவில் சாம்பல் படம்தான் இருக்கிறது.