ஆறு மணி அளவு

பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரியைத் தாண்டி, மேலூர்ப் பக்கம் இருந்த ஒரு பிரிவு அலுவலகத்தில் 1986இல் நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தபோது, ஓடுகிற தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கற்றுக்கொடுத்தவர் அங்கே பணி ஆய்வாளராக இருந்தவர். மதகைத் திறந்து மூடிக் கரையைக் காவல் காக்கும் லஸ்கராக வேலைக்கு வந்து படிப்படியாக உயர்ந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பதவியை மதித்து அவர் என்னைச் 'சார்' என்பார், வயதை மதித்து நான் அவரை 'அண்ணே' என்பேன். கடந்த ஐப்பசியில் அவர் காலமானார்.

1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் வந்து வைகையில் கலக்கிறது. 1959 முதல் வைகை அணையில் தேங்கி, அங்கிருந்து பேரணைத் தடுப்பணைக்கு வந்து கால்வாயில் பிரிகிறது. கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கருக்கு இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியின் 85,563 ஏக்கருக்கு ஒருபோகம்தான். அந்த ஒரு போகத்தை நம்பித்தான் அங்கே கல்யாணமும் கடனும். தொடர்ந்து தண்ணீர் விடும் நாட்களில் பெரிய தொல்லை இராது. முறைவைத்து விடத் தொடங்கியதும் ஒவ்வொரு மதகிலும் நான்கு பேர் காத்து நிற்பார்கள்.

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கால்வாயின் நீர்மட்டம் காட்டும் அளவுகோலான கேஜைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அண்ணன் கேஜ் பார்ப்பதே தனி அழகு. படித்துறையில் இறங்கி, தேங்காய் நாரால் பாசியைத் துடைத்து எண்களைத் துலக்கி, உடனே படித்துவிடாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். அலை ஏறும்போது ஓர் அளவு, இறங்கும்போது ஓர் அளவு என்று நாலைந்து முறை பார்த்து, இரண்டுக்கும் நடுவிலுள்ளதைத்தான் சொல்வார்.

சேர்ந்த ஆண்டு கார்த்திகையில் ஒரு நாள், கொட்டும் மழைக்குச் சோம்பி, காலையில் பார்த்த அளவையே மாலைக்கும் எழுதிவிட்டு அலுவலகத்திலேயே இருந்துவிட்டேன். ஏழு மணிக்கு நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அண்ணன் வந்தார், பதிவேட்டைப் பார்த்தார். "கேஜ் சொல்றத எழுதுங்க சார். நாம சொல்றதத் தண்ணி கேக்காது" என்றார், குரலை உயர்த்தாமல். மேற்கே பெய்த மழை ஓடை வழியாகக் கால்வாயில் விழுந்து, மட்டம் அரையடி ஏறியிருந்தது. இருவரும் டார்ச் விளக்கோடு போய், மேல் மதகின் திருகுகம்பியில் சாவியை மாட்டி ஷட்டரை இறக்கினோம். கரை தப்பியது. திரும்பி வந்ததும், நான் எழுதியதை அடித்துக் கிறுக்க விடாமல், படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போடச் சொல்லி, மேலே சரியான அளவை எழுதச் செய்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் வாங்கிக்கொண்டார். தப்பு நடந்தது தெரிய வேண்டும், மறையக் கூடாது என்பது அவர் கணக்கு.

அவருடைய மாமனாருக்குக் கடைமடையில் இரண்டு ஏக்கர் இருந்தது. முறை வராத ஓர் இரவில் மதகைச் சற்றே தூக்கிவிட்டால் யாருக்கும் தெரிந்திராது. அவர் தூக்கவில்லை, பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தது. மாமனார் இரண்டு ஆண்டு பேசவில்லை. இதை நேர்மை என்று நான் மெச்சியபோது, "உங்களுக்கென்ன தம்பி, அந்த ரெண்டு வருசமும் பொறந்த வீட்டு வாசல மிதிக்காதது நான்தானே" என்றார் அவர் மனைவி. அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூத்த மகளின் காது குத்துக்கும் முறைத்தண்ணீர் நாளென்று அவர் தாமதமாகத்தான் போனார். ஆனால் அதே மனிதர்தான் இரண்டு பெண்களையும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டு, சேமநல நிதியில் முன்பணம் எடுத்துக் கல்லூரிக்கும் அனுப்பினார்.

ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. சால்வை, சுவர்க் கடிகாரம், ஆளுக்கொரு பேச்சு என்று வழக்கமான விழா. அத்தகைய விழாக்களில் போகிறவரைவிடப் பேசுகிறவரே அதிகம் தெரிவார் என்பது என் அனுபவம். மறுநாளிலிருந்து அவர் செய்தித்தாளில் முதலில் பார்த்தது அணை நீர்மட்டம். வைகைக்கு 71 அடி என்ற உச்சத்துக்கு எத்தனை அடி குறைவு என்பதை நாட்காட்டித் தாளில் பென்சிலால் எழுதிவைப்பார். "வீட்டுக் குழாய்க்கும் ஒரு கேஜ் வச்சிருப்பாரு, நான்தான் விடல" என்று அவர் மனைவி, எனக்கு அக்கா, சொல்லிச் சிரிப்பார்.

குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுக் கொடுக்க அக்காவோடு கருவூலத்துக்கு நானும் போனேன். எல்லாத் தாள்களையும் அவர் ஒரே கோப்பில் கோத்து, தம் காலத்துக்குப் பின் எந்தத் தாளை எங்கே கொடுக்க வேண்டும் என்று மேலே ஒரு குறிப்பும் எழுதிவைத்திருந்தார். கருவூல ஊழியர் அதைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இதுல யார் சார் சுருக்கொப்பம் போட்டது?" என்று கேட்டார். வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கத்தை அண்ணன் தவறாக எழுதியிருக்கிறார். அதன்மேல் ஒரே ஒரு கோடு. மேலே சரியான இலக்கம். பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம், தேதி.