குழந்தையின் ரத்தம் மட்டும் போதாது

மகனின் வலிப்புக்குக் காரணம் சிஎச்டி2 மரபணு என்பது போன வாரம்தான் தெளிவானது. ஒன்பது மாதம் ஆனது. அதில் பாதி வீண் அலைச்சல்.

மரபணுக்களில் புரதம் செய்யக் குறிப்பு தரும் பகுதிகளைப் படித்துப் பார்க்கும் எக்ஸோம் டெஸ்ட்டை டாக்டர் எழுதிக் கொடுத்ததும் மூன்று பேருமாகத்தான் போனோம். "குழந்தைக்கு எடுத்தா போதும், உங்களுக்கு எதுக்கு?" என்றார் கவுன்டரில் இருந்தவர். பாரத்தையும் அவரே நிரப்பினார். நோய் விவரத்தில் 'வலிப்பு' என்று ஒரே சொல்.

என் மகன் மூக்கு உரச டிவியோடு ஒட்டிக்கொண்டு நிற்பான். இமை படபடக்கும், தோள் ஒரு வெட்டு வெட்டும், விலக்கினால் அழுவான். கார்ட்டூன் ஆசை என்றே நினைத்திருந்தோம். வெளிச்சம் தூண்டும் இந்த வலிப்பு, சிஎச்டி2 பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் அடையாளமாம். அதைப் பாரத்தில் எழுதவே இல்லை.

ரிப்போர்ட் வந்தது. சிஎச்டி2-வில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் 'பொருள் நிச்சயமில்லாத மாற்றம்', அதாவது நோய்க்கு அதுதான் காரணமா என்று சொல்ல முடியாதாம். பெற்றோர் ரத்தம் வேண்டும் என்றார்கள். நான் மட்டும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனேன். இருவரும் வந்தால்தான் எடுப்போம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

மரபணு ஆலோசகர் மட்டும் பொறுமையாகப் பேசினார். என் துப்பட்டா நுனியைப் பேனாவில் சுற்றிக் காட்டினார். டிஎன்ஏ இப்படித்தான் புரதங்களின் மேல் சுற்றியிருக்கிறது. அந்தச் சுற்றை நகர்த்தி, தேவையான மரபணு வேலை செய்ய வழிவிடுவது சிஎச்டி2. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இருக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே வளரும் மூளை தடுமாறும்.

எங்கள் இருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. மகனிடம் புதிதாக வந்தது. அதனாலேயே 'நோய்க்காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்' என்று வகை மாறியது.

நான் அத்தை மகனைக் கட்டியவள். "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்" என்று நான்கு வருடமாகக் கேட்டிருக்கிறேன். சொந்தத்தில் கட்டினால் கூடும் ஆபத்து, இரண்டு பிரதியும் கெட்டால் வரும் நோய்களுக்குத்தான் பெரும்பாலும். இது அந்த வகையே இல்லை. ரிப்போர்ட்டை அத்தையிடம்தான் முதலில் படித்துக் காட்டினேன். "நான்தானே அண்ணன்கிட்ட பொண்ணு கேட்டேன்" என்று இத்தனை நாள் உள்ளுக்குள் வெந்திருக்கிறார். அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

போகிறவர்கள் தாய், தகப்பன், பிள்ளை மூவருக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். பாரத்தை நீங்களே படித்துப் பாருங்கள். வலிப்பை செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்; எங்கள் டாக்டருக்கு அதுதான் உதவியது. ரிப்போர்ட்டோடு, டெஸ்ட்டில் படித்தெடுத்த மூலத் தரவையும் (raw data) கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் தெளிவில்லை என்றால் பின்னாளில் அதை மறுபடி அலசலாம்.

அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு சுமார் 1 சதவீதம் என்றார் ஆலோசகர். ரத்தத்தில் இல்லாவிட்டாலும் அந்த மாற்றம் எங்கள் கரு முட்டையிலோ விந்தணுவிலோ ஒளிந்திருக்கலாம் என்பதால் பூஜ்யம் என்று சொல்ல முடியாதாம். அது போதும் எங்களுக்கு.