சும்மா ஓடும் லிஸ்டர்

கடந்த பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குச் சென்றிருந்தபோது, நகரத்துக்கு வெளியே ஒரு சிற்றூரில் நடந்த பழைய வாகன, வேளாண் இயந்திரக் கண்காட்சிக்கு அப்பாவை அழைத்துச் சென்றேன். மன்னார்குடிப் பக்கம் வயலும் பம்புசெட்டுமாக வாழ்ந்துவிட்டு, இப்போது என்னோடு சிங்கப்பூரில் யீஷூன் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் அவர். வாகன உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டுகள் முடியும்போதே காரை ஒப்படைப்பதா, புதுப்பிப்பதா என்று கணக்குப் போடும் ஊரிலிருந்து போன எனக்கு, தாத்தா காலத்து லாரிகள் தாமாகவே ஓடி வந்து திடலில் நின்றது வியப்பாக இருந்தது. (35 ஆண்டு கடந்த வாகனங்களுக்குச் சிங்கப்பூரிலும் தனித்திட்டம் உண்டு, ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம்.)

மெருகேற்றிய கார்களை அப்பா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டரின் முன்னால் மட்டும் ஒரு நிமிடம் நின்றார். அதற்குள் மறுகோடியிலிருந்து 'டுப்... டுப்...' என்று கேட்க, "லிஸ்டர்" என்றபடி நடையைக் கட்டினார்.

நிமிடத்துக்கு 650 சுற்று மட்டுமே ஓடும் ஒற்றை சிலிண்டர், 6 குதிரைத்திறன் டீசல் இஞ்சின் அது. எங்கள் வயலில் இருந்தது அதைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்த நகல் என்றாலும், ஊரில் அதற்கும் லிஸ்டர் என்றே பெயர். உரிமையாளர் அதை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை என்னிடம் நீட்டியபோது, "கட்டைவிரலை மடக்காதே தம்பி, எதிர்த்து அடித்தால் முறிந்துவிடும்" என்று அப்பா என் விரல்கள் ஐந்தையும் ஒரே பக்கமாக எடுத்து வைத்தார். வால்வைத் திறந்து வைக்கும் நெம்புகோல் அவர் கையில் இருந்தது. காற்று அழுந்தாததால் இலகுவாகச் சுற்றத் தொடங்கிய கனத்த இரும்புச் சக்கரங்கள் நன்றாக வேகம் பிடிக்கும்வரை காத்திருந்து, சரியான கணத்தில் அவர் நெம்புகோலை விட, இஞ்சின் ஒருமுறை கரும்புகை கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

உரிமையாளர் கைதட்டினார். அப்பாவோ வெறுமனே சுழலும் சக்கரத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பெல்ட்டை மாட்டி ஏதாவது வேலை வாங்கச் சொல்லு. சும்மா ஓடினால் உள்ளே கரிதான் சேரும்."

அப்பாவுக்கு மிகவும் பிடித்திருக்கிறதாம் என்று உரிமையாளரிடம் ஆங்கிலத்தில் சொல்லிவைத்தேன்.