செமி இல்லையா? போல்ட் எடு மாப்ள

என் அக்கா மகன் நியூசிலாந்தின் தென் தீவில், வைமாட்டே பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை பார்க்கிறான். அங்கே வல்லபி என்கிற குட்டைக் கங்காரு மாட்டுக்கு விட்ட புல்லையெல்லாம் மேய்ந்துவிடுகிறதாம். பண்ணைக்காரரே சுடச் சொல்கிறார், பையனும் லைசென்ஸ் எடுத்துவிட்டான். "மாமா, இங்க செமி ஆட்டோமேட்டிக் வாங்க முடியாது. வேற என்ன ரைபிள் எடுக்கட்டும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டான். செமி என்றால் விசையை இழுக்க இழுக்க அடுத்த தோட்டா தானே ஏறும். போல்ட் என்றால் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்கிற தண்டைக் கையால் இழுத்து ஏற்ற வேண்டும். வாய்ஸ் மெசேஜில் அடங்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். தேவிபட்டினத்தில் என்னோடு டீ குடிக்கும் பட்டாளத்து ஆட்களும் படித்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும்.

2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் ஒருவன் 51 பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த மாதமே சட்டம் வந்து, பெரிய தோட்டா போடும் செமி ரைபிள்களை அரசே காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. ஆஸ்திரேலியா இதை 1996-ல் போர்ட் ஆர்தர் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு செய்தது, இங்கிலாந்து 1988-லேயே செய்துவிட்டது. நியூசிலாந்தில் .22 ரிம்ஃபயர் என்கிற பொடித் தோட்டா செமி மட்டும், பத்து ரவுண்டுக்கு மேற்படாத மேகசினோடு (தோட்டாக்கூடு), இன்னும் வைத்துக்கொள்ளலாம். முயலுக்கு அது ஆகும். வல்லபி அவ்வளவு கிட்டத்தில் நிற்காது.

நம் நாட்டில் சாதாரண ஆள் கையில் பெரிய தோட்டா போடும் செமி ரைபிள் என்ற பேச்சே கிடையாது. லைசென்ஸ் இருந்தால் வங்காளத்து இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315 ரைபிள் கிடைக்கும், அதுவும் போல்ட்தான். பழைய பட்டாளத்து ரைபிள் .303 லீ என்ஃபீல்டின் வம்சம். பட்டாளத்துத் தோட்டா வெளியே போகக் கூடாதென்று வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டாவை மாற்றினார்கள், துப்பாக்கியின் உடம்பு அப்படியே இருக்கிறது.

நான் பட்டாளத்தில் இருந்தபோது நம்ம நீலகிரி வெலிங்டனில் என் கையில் கொடுத்தது எஸ்.எல்.ஆர். என்கிற ரைபிள். 7.62 தோட்டா, 20 ரவுண்டு மேகசின், நாலு கிலோவுக்கு மேல் கனம். செமிதான். அந்தக் கனமும், கேஸில் ஓடும் பிஸ்டனும் சேர்ந்து தோளில் விழும் உதையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மூன்று கிலோ போல்ட் ரைபிளில் அதே பலமுள்ள .308 போட்டால் உதை முழுசாக உனக்குத்தான். செமி போனால் முதலில் தெரிகிற நஷ்டம் இதுதான், யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் வேகத்தைப் பற்றியே புலம்புவார்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் சிப்பாய் போல்ட் துப்பாக்கியில் 300 கஜத்துக்கு நிமிடத்தில் 15 குண்டு குறி பார்த்துப் போட வேண்டும். வல்லபிக்கு 15 குண்டா வேண்டும்?

அதனால் மாப்ள, .308 வேண்டாம், அதைவிடச் சின்னத் தோட்டா போடும் .223 எடு. உதை கிட்டத்தட்ட இல்லை, தோட்டா மலிவு, எங்கேயும் கிடைக்கும். மான் சுடப் போகிறேன் என்று நாளைக்கு ஆசை வந்தால் இரண்டுக்கும் நடுவிலிருக்கும் .243 பார்க்கலாம்.

போல்ட் இல்லாமல் வேறு வழியும் உண்டு. முன்பிடியை இழுத்துத் தள்ளும் பம்ப் ரைபிள் வேகமானது, ஆனால் செமியை இழந்தவர்கள் ஏக்கத்தில் வாங்கியது அது, கழற்றும் மேகசின் வைத்ததற்கு அங்கே பிறகு தடை வந்துவிட்டது. ஸ்ட்ரெயிட் புல், போல்ட்டைத் திருப்பாமல் முன்னும் பின்னும் இழுத்தால் போதும், ஜெர்மன்காரன் அருமையாகச் செய்வான், விலையைக் கேட்டால் இங்கே ஒரு வள்ளமே வாங்கிவிடலாம். லீவர் ஆக்‌ஷன்மேல் உனக்குக் கண் இருப்பது தெரியும், சினிமாவில் பார்த்தது, விசைக்குக் கீழே உள்ள பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா போடுவது. குப்புறப் படுத்துச் சுடும்போது லீவரைக் கீழே இறக்க இடமிருக்காது. பேரலுக்குக் கீழே தோட்டா வரிசையாகப் படுக்கும் குழாய் மேகசின் என்றால் கூர்முனைத் தோட்டா போடவே கூடாது. ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் அடியில் பொறி கொடுக்கும் பிரைமரில் முட்டி நிற்கும், உதையில் உள்ளேயே வெடிக்கலாம்.

ஆனால் லீவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நீ பீச்சாங்கைக்காரன். லீவர் எந்தக் கைக்கும் ஒன்றுதான். சாதாரண போல்ட் வலப்பக்கம் இருக்கும், ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கிக்கு மேலே கையை வளைத்து இழுக்க வேண்டும். எங்கள் காலத்தில் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் பீச்சாங்கைக்காரனையும் அதட்டி வலது தோளில் வைக்க வைப்பார். உனக்கு அந்தத் தலைவிதி இல்லை. பின்லாந்தின் டிக்கா இடக்கைக்கென்றே போல்ட் போட்டுச் செய்கிறது. கடைக்காரர் ஸ்டாக் இல்லை என்றால் காத்திரு. இருப்பதைத் தள்ளிவிடப் பார்ப்பார், மசியாதே.

மரக்கட்டை வேண்டாம், சிந்தடிக் பட், ஸ்டெயின்லெஸ் பேரல் கேள். என் டபுள் பேரல் பன்னிரண்டு போர் துப்பாக்கி, வங்கி காவல் டூட்டி முடிந்து வீட்டில் இருக்கும். கடல் காத்தில் உப்பு ஏறி, நாலு நாள் எண்ணெய் துணி படாவிட்டால் செம்புள்ளி வைத்துவிடும். உன் பண்ணையும் கடலுக்குத் தூரமில்லை. போல்ட்டில் இது ஒரு சுகம்: போல்ட்டை உருவினால் பேரலுக்குள் பின்னாலிருந்தே பார்க்கலாம், கம்பி விட்டுத் துடைக்கலாம். எஸ்.எல்.ஆரில் பிஸ்டன், சிலிண்டர், கேஸ் பிளக் என்று கரி சுரண்டியே எங்கள் ஞாயிற்றுக்கிழமை போகும்.

மிச்சக் காசை ஸ்கோப்பில், அதான் குறி பார்க்கும் கண்ணாடியில், போடு. 100 மீட்டரில் குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஜீரோ செய்துவிட்டு, ரைபிள் படத்தை எனக்கு அனுப்பு. உங்க அம்மாவுக்கு அனுப்பாதே. மாடு கறக்கப் போனவனுக்கு எதுக்குத் துப்பாக்கி என்று என்னைத்தான் பிடிப்பாள்.