எனக்கு அரியர் வைத்த மரண வாக்குமூலம்

சாட்சியச் சட்டத் தாளில் எனக்கு அரியர் விழுந்ததற்கு ஒரே ஒரு பிராப்ளம் கேள்விதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். தீக்காயத்தோடு வந்த பெண் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டு இறந்துபோகிறாள். 'நோயாளி சுயநினைவுடன் இருக்கிறார்' என்று மட்டும் டாக்டர் கீழே எழுதியிருக்கிறார். இதை வைத்துத் தண்டிக்கலாமா?

ரோசம்மா வழக்கை (1999) நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். அதில் உச்ச நீதிமன்றம் சொன்னபடியே, தெளிந்த மனநிலை என்று சான்று இல்லை, ஆகவே நம்ப முடியாது என்று ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு நிம்மதியாக வந்தேன். லக்ஷ்மண் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் (2002) அதே நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று சொல்லிவிட்டது அப்புறம்தான் தெரிந்தது.

அக்கா அப்போது ஹவுஸ் சர்ஜன். புலம்பினேன். "கண்ணைத் திறந்து பேசினா தெளிவா இருக்காங்கன்னு உனக்கு யாருடா சொன்னது?" என்றாள். நோயாளியின் நினைவு நிலைக்கு மதிப்பெண் போடும் கிளாஸ்கோ கோமா அளவுகோலில் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. தானாகக் கண் திறக்கிறார், சொன்னபடி கையைத் தூக்குகிறார், ஆனால் எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்டால் குழப்பமாகப் பதில் சொல்கிறார் என்றால் 14. நமக்கு அது டிஸ்டிங்ஷன் மார்க். அவளுக்கோ அந்தக் குறைந்த ஒன்றுதான் முக்கியம்.

ரோசம்மா வழக்கில் நீதிமன்றம் கவலைப்பட்டது சும்மா இல்லை என்று அன்றுதான் உறைத்தது. லக்ஷ்மண் தீர்ப்பும் அந்தக் கவலையைத் தள்ளிவிடவில்லை. டாக்டர் சான்று ஒரு முன்னெச்சரிக்கை. பதிவு செய்தவரே விசாரித்து, சொல்பவர் தெளிவாக இருக்கிறார் என்று திருப்தி அடைந்திருந்தால், சான்று இல்லாததால் மட்டும் வாக்குமூலம் அடிபட்டுப் போகாது என்றது. அவ்வளவுதான்.

அதனால் இந்தக் கேள்வி வந்தால் காகிதத்தில் என்ன சொல் இருக்கிறது என்று தேடாதீர்கள். மாஜிஸ்திரேட் முதலில் என்ன கேட்டார்? பெயர், ஊர் கேட்டாரா? வலிக்கு ஊசி போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது? கட்டில் பக்கத்தில் சொந்தக்காரர்கள் நின்றார்களா? சொல்லிக்கொடுத்த பேச்சோ என்ற சந்தேகம் அங்கேதான் கிளம்பும். இறந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை; பதிவு செய்தவரையும் டாக்டரையும்தான் கூண்டில் ஏற்றிக் கேட்க முடியும். இவ்வளவையும் தாண்டி நம்பத்தக்கது என்று நீதிமன்றம் கருதினால், வேறு சாட்சியம் இல்லாமலே தண்டிக்கலாம் என்பதற்குக் குஷால் ராவ் வழக்கை (1958) எழுதுங்கள்.

பிரிவு எண்ணில் கோட்டை விடாதீர்கள். மரண வாக்குமூலத்துக்குப் பழைய சாட்சியச் சட்டத்தின் 32(1)தான், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 26(அ). நான் இரண்டையும் எழுதிவிடுவேன். வல்லுநர் கருத்துக்கு 45 போய் 39 வந்திருக்கிறது.

அரியரை எழுதியபோது அதே கேள்வி வரவில்லை. வந்தது பிரேதப் பரிசோதனை அறிக்கை. கழுத்தில் இருந்த தடம் தூக்கா, நெரிப்பா என்று. அன்றிரவும் அக்காவுக்குத்தான் போன் போட்டேன்.