திருவிழா முடிந்த பிறகு அன்னம்மாவைப் பார்க்கப் போனோம்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜம் ஊரில் இருக்கும் புனித அன்னாள் கோயிலுக்குத் திருவிழா சமயத்தில் மட்டும் போய் வந்தவர்களிடம், அங்கே பழைய கோயில் எது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் யோசிப்பார்கள். ஜூலை 26 திருநாளை ஒட்டி அங்கே போனால் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். எங்கெங்கோ இருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள், தமிழ், மாண்டரின், ஆங்கிலம், மலாய் என்று பூசை மாறி மாறி நடக்கும், ராத்திரி மெழுகுவர்த்திப் பவனியில் பக்கத்தில் நடப்பவரின் மெழுகு நம் சட்டையில் சொட்டும். அதுவும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றால் கூட்டமில்லாத ஒரு வார நாளில் போங்கள்.

நானும் அத்தையும் அப்படித்தான் போனோம். அத்தை என்றால் மாமியார். நான் கத்தோலிக்க வீட்டுப் பெண், அவர் மாரியம்மன் பக்தை. ஜார்ஜ் டவுனிலிருந்து ஃபெர்ரி பிடித்து, பட்டர்வொர்த்தில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். அத்தை வீட்டிலிருந்தே ஒரு முழம் மல்லிகையைக் கட்டி எடுத்து வந்திருந்தார். "அந்த அம்மாவுக்கும் பூ வேணும்ல" என்றார். அங்கே போனால் இது ஒன்றும் புதுசில்லை. சீனர்களும் இந்துக்களும் பூவோடும் மெழுகுவர்த்தியோடும் வருவது அந்தக் கோயிலில் சாதாரணம்.

அன்னாள் மாதாவுக்குத் தாய், இயேசுவுக்குப் பாட்டி. ஆனால் மாதாவைப் பெற்றவர்களின் பெயர் பைபிளில் எங்கேயும் கிடையாது. அன்னாளும் சுவக்கீனும் வெகுகாலம் பிள்ளை இல்லாமல் இருந்து, வேண்டி, மரியாளைப் பெற்ற கதை யாக்கோபின் பெயரில் வழங்கும் பழைய நூலில் இருந்து வந்தது, அது பைபிளில் சேராத நூல். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் இங்கே இவ்வளவு பேர் வருவதற்குக் காரணம் அந்தக் கதைதான். பிரான்சின் பிரித்தானி வட்டாரத்துக்குக் காவல் புனிதையும் இவர்தான், அதனால் பிரெஞ்சு குருக்கள் இந்த மலையடிவாரத்துக்கு அன்னாள் பெயரை வைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

அந்தக் குருக்கள் பாரிஸ் மிஷன்காரர்கள், அதாவது எம்.இ.பி. சபை. பாண்டிச்சேரியிலும் இவர்கள்தான் இருந்தார்கள், பினாங்கில் 1808 முதல் குருமடம் நடத்தியதும் இவர்கள்தான். இங்கே முதலில் இருந்த கத்தோலிக்கர்கள் மலையடிவாரத்தில் பயிர் செய்த ஹக்கா சீனர்கள். அவர்களுக்காக 1846இல் ஒரு சின்ன ஜெபக்கூடம் எழுந்தது. அப்புறம் செபராங் பிறையின், அதாவது பினாங்கின் பெருநிலப் பக்கத்தின், கரும்புத் தோட்டங்களுக்கும் ரப்பர் தோட்டங்களுக்கும் நம் ஆட்கள் வந்தார்கள், அவர்களில் வேதக்காரர்களும், அதாவது கிறிஸ்தவர்களும், இருந்தார்கள். இன்றைக்கு நாம் பழைய கோயில் என்று சொல்வது 1888இல் கட்டியது.

இப்போதைய பெரிய, புதுக் கோயிலில் இருந்து பார்த்தால் அது சரிவில், கொஞ்சம் ஒதுங்கினாற்போல நிற்கிறது. பெரிய பேராலயங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இவ்வளவுதானா என்று தோன்றலாம். எனக்கு அந்த அளவுதான் பிடித்தது. விவசாயிகளுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் கட்டிய கோயில், அவர்கள் தொகைக்கு ஏற்ற மாதிரி கட்டியிருக்கிறார்கள். உள்ளே கடைசி வரிசையில் முட்டி போட்டாலும் பீடம் கிட்டத்தில்தான். அத்தை செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார், யாரும் சொல்லவில்லை. பூவை வைத்துவிட்டு, கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய வெகுநேரம் நின்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை, என் நாத்தனாருக்காகத்தான் இருக்கும்.

இந்தக் கோயிலை ஒரு காலத்தில் மூடவும் வேண்டியிருந்தது. கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க பிரிட்டிஷார் அறிவித்து 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் இந்த வட்டாரம் கறுப்புப் பகுதி, அதாவது கம்யூனிஸ்டுகள் நடமாடும் இடம், ஆனது. அடிவாரத்தில் குடியிருந்தவர்களை இடம் மாற்றினார்கள், ஆள் இல்லாமல் கோயில் கிடந்தது. அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்களைக் கேட்டால் ஊரடங்கும் ரேஷன் அரிசியும் சொல்வார்கள், கோயில் கதை அதற்கு அப்புறம்தான் வரும். நிலைமை சீரானதும் ஜனங்கள் திரும்பி வந்தார்கள்.

புதுக் கோயில் 2002இல் வந்தது. அதன் கூரையை நின்று பாருங்கள். இரு நுனியும் எருமைக் கொம்பு மாதிரி மேலே வளைந்திருக்கும், சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களின் பாணி, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பக்கம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பியக் கோபுரத்தை அப்படியே கொண்டுவந்து வைக்காமல் இந்த மண்ணின் கூரையைப் போட்டது நல்ல முடிவு, நம் மழைக்கும் வெயிலுக்கும் இதுதான் தாங்கும். 2019இல் போப் பிரான்சிஸ் இதை மைனர் பசிலிக்காவாக, அதாவது ரோம் சிறப்புத் தகுதி தரும் பேராலயமாக, உயர்த்தினார். பசிலிக்கா என்றதும் வேளாங்கண்ணியை நினைத்துக்கொண்டு வருகிற தமிழர்கள் கொம்புக் கூரையைப் பார்த்துக் கொஞ்சம் திகைப்பது உண்டு.

இவ்வளவு சொன்னாலும், நான் அங்கே அதிக நேரம் நின்றது ஒரு பாறையின் முன்னால். கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, செரோக் தொக்குன் கல்வெட்டு. ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேய அதிகாரி 1845இல் இதை வெளியுலகத்துக்குச் சொன்னார். எழுத்து பல்லவ எழுத்து வகை, மொழி சமஸ்கிருதம், காலம் சுமார் 5, 6ஆம் நூற்றாண்டு. எழுத்துகள் தேய்ந்துவிட்டன, தெரியும் என்று நினைத்துப் பார்த்தால்தான் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது சில கோடுகள் பிடிபடும், மேகம் வந்தால் வெறும் கருங்கல். இதே செபராங் பிறையில் லோ கண்டெடுத்த புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டு இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கொண்டுபோக முடிந்தது, இந்தப் பாறையை முடியவில்லை. வேலியைப் பார்த்துவிட்டு அத்தை, "இதை யாரு தூக்கிட்டுப் போகப் போறாங்கன்னு கம்பி போட்டிருக்காங்க?" என்றார்.

வடக்கே கொஞ்சம் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு, நாம் பாடப் புத்தகத்தில் படித்த கடாரம். ராஜேந்திர சோழன் கப்பல் அனுப்பியதற்கும் ஐந்தாறு நூற்றாண்டுக்கு முன்பே யாரோ இந்த அடிவாரத்துக்கு வந்து கல்லில் உளி பிடித்திருக்கிறார்கள். ஹக்கா குடியானவர்களும் பிரெஞ்சுச் சாமியார்களும் அதே மலையைத்தான் தேடி வந்தார்கள். ஏன் என்று கேட்டால், மலையில் தண்ணீர் இருக்கிறது, அதுதான் என் கணக்கு.

அந்தத் தண்ணீரை இன்றும் பக்தர்கள் பாட்டிலில் பிடித்துப் போகிறார்கள். அத்தை காலி பாட்டில் கொண்டுவராததற்கு என்னைத் திட்டிவிட்டு, பையில் இருந்த மினரல் வாட்டரைக் கீழே ஊற்றிவிட்டு அதில் பிடித்தார்.

மலைச்சரிவில் சிலுவைப்பாதை இருக்கிறது, வயதானவர்களைக் கூட்டிப்போனால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், பிடிப்பான செருப்பு வேண்டும். கார் இல்லாவிட்டால் ரயிலில் புக்கிட் மெர்தாஜம் நிலையத்தில் இறங்கி கிராப் வாடகைக் கார் எடுக்கலாம். தமிழ்ப் பூசை வேண்டும் என்றால் கிளம்பும் முன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், காலி பாட்டில் இரண்டாகவே எடுத்துப் போங்கள், பக்கத்து வீட்டிலும் கேட்பார்கள்.